சூஷேயின் பொய்ரோ: பல வருடம் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகு

கொலையாளி யார் என்று தெரிந்த பிறகும் ஒரு துப்பறியும் தொடரைப் பார்க்க முடிகிறதா? பெரும்பாலானவற்றை முடியாது. டேவிட் சூஷே நடித்த 'அகதா கிறிஸ்டிஸ் பொய்ரோ'வை மட்டும் நான் பல வருடமாகத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1989 ஜனவரியில் பிரிட்டனின் ஐ.டி.வி.யில் தொடங்கி 2013 நவம்பரில் முடிந்த தொடர். மொத்தம் 70 பகுதிகள், எழுத்தாளர் அகதா கிறிஸ்டி படைத்த பெல்ஜியத் துப்பறிவாளர் பொய்ரோவாக எல்லாவற்றிலும் அதே சூஷே.

நான் அடிக்கடி போட்டுப் பார்ப்பது ஆரம்பகால ஐம்பது நிமிடப் பகுதிகளைத்தான். அவற்றில் பல கதைகளின் புதிர் அப்படியொன்றும் பெரிதில்லை. ஆனால் பொய்ரோவும் அவர் நண்பர் ஹேஸ்டிங்ஸும் செயலாளர் மிஸ் லெமனும் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஜாப்பும் ஒரே அறையில் இருந்தால் போதும், பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஹேஸ்டிங்ஸுக்குக் கார் பைத்தியம். மிஸ் லெமனுக்கு ஃபைல் பைத்தியம். ஜாப்புக்கு எப்போதும் ஒரு சலிப்பு. வேடிக்கை என்னவென்றால், இந்த நால்வர் கூட்டணி பெரிதும் தொலைக்காட்சிக்காரர்கள் உண்டாக்கியது. கிறிஸ்டி 1923-லேயே ஹேஸ்டிங்ஸுக்குக் கல்யாணம் நிச்சயம் செய்து அர்ஜென்டினாவுக்கு அனுப்பிவிட்டார். அப்புறம் அவ்வப்போதுதான் திரும்பி வருவார். மிஸ் லெமன் முதலில் வேலை பார்த்ததே பார்க்கர் பைன் என்ற வேறொரு பாத்திரத்திடம். மூலக்கதையில் இல்லாததைச் சேர்த்தால் வழக்கமாக எனக்கு எரிச்சல் வரும். இங்கே வரவில்லை.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு முதல் பகுதியையே சொல்வேன்: 'தி அட்வெஞ்சர் ஆஃப் தி கிளாபம் குக்'. காணாமல் போன சமையல்காரியைத் தேடித் தரச் சொல்லி ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண்மணி வருகிறார். இதெல்லாம் எனக்கு ஒரு வேலையா என்று முகம் சுளிக்கும் பொய்ரோவை அவர் ரோஷமாகக் கேட்டே மடக்கிவிடுகிறார். கூலியாக வந்த ஒரு கினி (பழைய பிரிட்டிஷ் பணம்) காசோலையைப் பொய்ரோ என்ன செய்கிறார் என்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

கதைகளை ஏறக்குறைய எல்லாமே 1930களில் நிறுத்தியிருக்கிறார்கள். இதனால் கண்ணுக்கு நல்ல விருந்து. பொய்ரோ குடியிருக்கும் 'வைட்ஹேவன் மேன்ஷன்ஸ்', உண்மையில் லண்டன் சார்ட்டர்ஹவுஸ் சதுக்கத்தில் இருக்கும் ஃப்ளோரின் கோர்ட். அந்த வளைந்த முகப்பைப் பார்த்தாலே இசையமைப்பாளர் கிறிஸ்டோபர் கன்னிங்கின் முகப்பிசையில் வரும் சாக்ஸஃபோன் காதில் ஒலிக்கும். ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. 'தேர்ட் கேர்ள்' 1966-இல் வந்த நாவல். அந்தக் காலத்து இளைஞர்களைப் பார்த்துக் கிழவர் பொய்ரோ மிரள்வதுதான் அதன் சுவையே. அதைத் தூக்கி முப்பதுகளில் வைத்ததும் அந்தச் சுவை போய்விட்டது.

2003-இலிருந்து வரும் பகுதிகளின் குணமே வேறு. நீளம் ஒன்றரை மணி நேரம், நிறம் இருட்டு, பழைய கூட்டாளிகள் பெரும்பாலும் இல்லை. 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்' இந்த வகையில் மிகச் சிறந்தது. பல வருடத்துக்கு முந்தைய கொலையை ஐந்து பேரின் நினைவிலிருந்தே விசாரிக்கும் கதைக்கு அந்தக் கனம் பொருந்துகிறது. 2010-இல் வந்த 'மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்' எனக்குப் பாதிதான் பிடிக்கும். நாவலில் பொய்ரோ இரண்டு தீர்வுகளை நிதானமாக முன்வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். இங்கே ஜெபமாலையும் கையுமாகக் கொதிக்கிறார். சூஷேயின் நடிப்பில் குறையே இல்லை, ஆனால் அந்த மனிதரின் நாசூக்கு எங்கே? பொய்ரோவின் தோழியான துப்பறியும் நாவலாசிரியை அரியட்னி ஆலிவராக ஜோயி வனமேக்கர் வரும்போதெல்லாம் கொஞ்சம் காற்று வருகிறது.

தவிர்க்க வேண்டியது ஒன்று: 2000-இல் வந்த 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்'. கதையை யார் சொல்கிறார், எப்படிச் சொல்கிறார் என்பதில்தான் அந்த நாவலின் உயிரே இருக்கிறது. கேமராவுக்கு அது வசப்படவில்லை. கடைசியில் துப்பாக்கிச் சண்டை வேறு. புத்தகத்தைப் படித்துவிடுங்கள்.

வசனத்தைப் புரிந்துகொள்வதில் பெரிய சிரமமில்லை, என்றாலும் சப்டைட்டில் போட்டுக்கொள்வது நல்லது. பெல்ஜியக்காரரின் பிரெஞ்சு கலந்த ஆங்கிலத்தில் துப்பு நழுவிவிடும். ஒரே மூச்சில் வரிசையாகப் பார்க்க வேண்டாம், சலித்துவிடும். பொய்ரோவின் கடைசி வழக்கான 'கர்ட்டன்' மட்டும் கடைசியில்தான். கடைசி சீசனில் அதைத்தான் முதலில் படம்பிடித்தார்கள். கிறிஸ்டியின் சொந்த வீடான டெவன் கிரீன்வேயில் எடுத்த 'டெட் மேன்ஸ் ஃபாலி'யோடு சூஷே படப்பிடிப்பை முடித்துக்கொண்டார். அவர் சிரித்த முகத்தோடு விடைபெற விரும்பினார். பார்க்கிற நமக்கு அந்தச் சலுகை கிடையாது.