ஜி.ஆர்.இ. கேட்காத பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க ஒரு கன்சல்டன்சியின் உதவி: எங்கள் அனுபவமும் மதிப்பீடும்

என் மகள் கோவையில் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் முடித்தவள். அமெரிக்காவில் உயிரியல் மருத்துவத் துறையில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று அவள் முடிவெடுத்தபோது, பட்டமேற்படிப்புச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வாகிய ஜி.ஆர்.இ.யின் மதிப்பெண்ணைக் கேட்காத பல்கலைக்கழகங்களுக்கென்றே தனித் தொகுப்பு வைத்திருந்த ஒரு கன்சல்டன்சியில் 48,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தோம். பல்கலைக்கழகப் பட்டியல், நோக்க அறிக்கை எனப்படும் எஸ்.ஓ.பி., பரிந்துரைக் கடிதங்கள், சான்றிதழ் வேலைகள், விண்ணப்பப் படிவம் ஆகிய ஐந்தும் அந்தத் தொகையில் அடங்கும் என்றார்கள். ஐந்து மாதங்கள் அவர்களோடு பழகியபின் இதை எழுதுகிறேன். ஐந்துக்கு மூன்று தருவேன். அந்த மூன்றும் எதற்கு, மீதி இரண்டு ஏன் போயிற்று என்பதை விரிவாகச் சொன்னால்தான் அடுத்து பணம் கட்டப்போகும் குடும்பங்களுக்குப் பயன்படும்.

முதலில் பட்டியல். எங்களுக்குக் கொடுத்த 12 பெயர்களையும் "ஜி.ஆர்.இ. வேண்டாம்" என்ற ஒரே தலைப்பின் கீழ் வைத்திருந்தார்கள். மகள் ஒவ்வொரு துறையின் இணையப் பக்கத்தையும் திறந்து, சேர்க்கை விதிகளைத் தனித்தனியாகப் படித்தபோதுதான், ஒரே தலைப்பின் கீழ் மூன்று வெவ்வேறு நிலைமைகள் கலந்து கிடப்பது தெரிந்தது. சில துறைகள் மதிப்பெண் கட்டாயமில்லை, விரும்பினால் அனுப்பலாம் என்கின்றன. சில துறைகள் அனுப்பினாலும் தேர்வுக் குழுவின் கண்ணில் காட்டமாட்டோம் என்று தெளிவாக எழுதியிருக்கின்றன. ஒரு பல்கலைக்கழகத்தில் பட்டமேற்படிப்புப் பிரிவு ஜி.ஆர்.இ.யைக் கைவிட்டிருந்தாலும், நாங்கள் விண்ணப்பிக்க இருந்த துறை அதைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் இந்த முடிவைப் பல இடங்களில் துறைதான் எடுக்கிறது. அதனால் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் வைத்துப் பட்டியல் போட்டால் இப்படித்தான் தவறும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ராக்கம் பட்டமேற்படிப்புப் பள்ளியைப் போல, முனைவர் பட்டப் படிப்புகள் அனைத்துக்கும் சேர்த்து ஒரே முடிவாக ஜி.ஆர்.இ.யை விலக்கிய இடங்களும் உண்டு என்றாலும், எல்லா இடமும் அப்படி இல்லை. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறவும் செய்கின்றன. பட்டியலைச் சரிபார்த்துத் தாருங்கள் என்று கேட்டதற்கு, "போன வருஷம் இதே லிஸ்ட்தான் மேடம், ஒண்ணும் பிரச்சினை வரலை" என்றார் எங்களுக்கு ஒதுக்கப்பட்ட ஆலோசகர். இதற்காக ஒரு மதிப்பெண் குறைக்கிறேன்.

தேர்வை விட்டதால் எங்களுக்கு மிச்சமானது சிறிய தொகை அல்ல. இந்தியாவில் ஜி.ஆர்.இ. கட்டணம் மட்டுமே 20,000 ரூபாயைத் தாண்டும், பயிற்சி மையக் கட்டணம் அதற்கு மேல். ஆனால் விண்ணப்பக் கட்டணங்கள் அப்படியே இருக்கின்றன. ஸ்டான்ஃபோர்டில் அது 125 டாலர். வேறு சில இடங்களில் இன்னும் கூடுதல். ஆங்கிலத் தேர்வும் போய்விடுவதில்லை. ஆங்கில வழியில் படித்திருந்தால் சில துறைகள் விலக்கு தருகின்றன. மற்ற இடங்களுக்கு டோஃபெல் அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். எழுதியே ஆகவேண்டும். இதை முதல் நாளே சொல்லிவிட்டார்கள், அந்த நேர்மையைப் பாராட்டுகிறேன்.

இப்போது எஸ்.ஓ.பி. பற்றி. மனம் வருந்தி எழுதும் பகுதி இதுதான். எம்.எஸ்சி. ஆய்வின்போது மகள் பாக்டீரியாக்கள் சேர்ந்து படலமாக ஒட்டிக்கொள்வதை ஊதாச் சாயம் ஏற்றி அளக்கும் சோதனையைச் செய்துகொண்டிருந்தாள். 96 குழிகள் கொண்ட சிறிய பிளாஸ்டிக் தட்டில் அதைச் செய்வார்கள். ஆறு வாரங்களாக ஒரே சோதனையை எத்தனை முறை செய்தாலும் முடிவு ஒத்துவரவில்லை. தட்டின் வெளி ஓரத்தில் இருக்கும் 36 குழிகளில் திரவம் சீக்கிரம் ஆவியாகிவிடுகிறது என்பதை அவளே கவனித்து, அந்த ஓரக் குழிகளில் வெறும் தண்ணீரை ஊற்றிவிட்டு உள்ளே இருக்கும் 60 குழிகளை மட்டும் பயன்படுத்தத் தொடங்கியபிறகுதான் எண்கள் நிலைத்தன. ஆய்வகங்களில் பலருக்கும் தெரிந்த சங்கதிதான் அது என்றாலும், யாரும் சொல்லித்தராமல் அவளாகவே கண்டுபிடித்தாள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. தன் முதல் வரைவை அவள் அந்த ஆறு வாரங்களிலிருந்துதான் தொடங்கியிருந்தாள்.

கன்சல்டன்சி திருத்தித் தந்த வரைவில் அந்தப் பத்தி முழுவதும் காணாமல் போயிருந்தது. தோல்வியைப் பற்றி எழுதக்கூடாது என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. அதற்குப் பதிலாகச் சிறுவயதிலிருந்தே அறிவியல்மீது தீராத ஆர்வம் என்று ஆரம்பித்து, கல்லூரியில் வாங்கிய பரிசுகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். தேர்வு மதிப்பெண்ணைப் பார்க்காத ஒரு குழு, அந்த மாணவி எப்படி யோசிக்கிறாள் என்பதை வேறு எங்கிருந்து தெரிந்துகொள்ளும்? ஜி.ஆர்.இ. போன இடத்தில் எஸ்.ஓ.பி.யும் பரிந்துரைக் கடிதமும்தான் அந்தச் சுமையைத் தாங்குகின்றன. அவளுடைய சொந்த யோசனை தெரிந்த ஒரே பத்தியை எடுத்துவிட்டு, யார் பெயரையும் போட்டு அனுப்பக்கூடிய ஒரு பக்கத்தைத் தந்தது பெரிய தவறு. மகள் தன் பழைய வரைவையே எடுத்துச் செப்பனிட்டு அனுப்பினாள்.

பரிந்துரைக் கடிதங்களில் நடந்ததும் ஏறக்குறைய இதேதான். நம் கல்லூரிகளில் உள்ள வழக்கம் எல்லோருக்கும் தெரியும். "நீயே ஒண்ணு எழுதி எடுத்துட்டு வாம்மா, நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்பார்கள் பேராசிரியர்கள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவர்களுக்கு நூறு வேலை. அந்த இடைவெளியில் கன்சல்டன்சி நுழைந்து மூன்று கடிதங்களையும் தானே எழுதிக்கொடுத்தது. மூன்றிலும் ஒரே அடைமொழிகள், ஒரே வாக்கிய அமைப்பு. அடுத்தடுத்து வைத்துப் படிக்கும் எவருக்கும் ஒரே கை எழுதியது என்று புரிந்துவிடும்.

2017-இல் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் உயிரியல் மருத்துவ மாணவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு, யார் அதிக ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார்கள் என்பதற்கு ஜி.ஆர்.இ. மதிப்பெண் குறிகாட்டியாக இல்லை, பரிந்துரைத்தவர்கள் தந்த மதிப்பீடுதான் பொருந்திவந்தது என்று கண்டது. அதே ஆண்டில் வான்டர்பில்ட் பல்கலைக்கழகம் தன் மாணவர்கள் 683 பேரைப் பற்றி வெளியிட்ட ஆய்வும், ஜி.ஆர்.இ. முதல் பருவ மதிப்பெண்களை ஓரளவு காட்டியதே தவிர, பட்டம் முடிப்பவர் யார் என்பதையோ கட்டுரை எழுதுபவர் யார் என்பதையோ காட்டவில்லை என்றது. இரண்டும் ஏற்கெனவே சேர்த்துக்கொள்ளப்பட்டவர்களை மட்டும் பார்த்த ஆய்வுகள் என்ற விமரிசனம் உண்டு, அது நியாயமும்கூட. இருந்தாலும் பல துறைகள் அந்தத் தேர்வைக் கைவிட இவை ஒரு காரணமாயின. அப்படிப்பட்ட துறைக்குக் கடையில் தைத்த கடிதத்தை அனுப்புவது பொருத்தமே இல்லாத செயல். மகளின் வழிகாட்டிப் பேராசிரியையிடம் நானே போய்ப் பேசினேன். "உங்க பொண்ணு அந்தத் தட்டோட மல்லுக்கட்டினதை நான்தானே பக்கத்துல இருந்து பார்த்தேன், நானே எழுதறேன்" என்று சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தன் கையாலேயே எழுதினார். இரண்டாவது மதிப்பெண் இங்கே குறைகிறது.

மற்ற வேலைகளில் அவர்கள் கெட்டிக்காரர்கள். விண்ணப்பிக்கும்போது மதிப்பெண் பட்டியலை ஸ்கேன் செய்து ஏற்றினால் போதும், முத்திரையிட்ட உறையில் டிரான்ஸ்கிரிப்ட் எனப்படும் அதிகாரபூர்வ மதிப்பெண் சான்றை அனுப்புவது இடம் கிடைத்தபிறகுதான் என்று நாங்கள் விண்ணப்பித்த துறைகளின் விதியைச் சரியாகப் படித்துச் சொல்லி, வீண் செலவைத் தவிர்த்தார்கள். பத்துக்குக் கணக்கிட்ட சராசரி மதிப்பெண்ணான சி.ஜி.பி.ஏ.வை நாமாக நான்குக்கு மாற்றி எழுதக்கூடாது, மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே நிரப்ப வேண்டும் என்பதில் கறாராக இருந்தார்கள். டிசம்பர் 1 நள்ளிரவு என்றால் அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி நமக்கு மறுநாள் காலை பத்தரை மணி என்று பேராசிரியர்களுக்கும் எடுத்துச் சொன்னார்கள். கடைசி நாளுக்கு முந்தைய மாலை, பரிந்துரைக் கடிதத்தைப் பதிவேற்ற ஒரு பேராசிரியருக்கு மின்னஞ்சலில் வந்த இணைப்பு ஸ்பாம் பெட்டிக்குள் போய்க் கிடந்ததைக் கண்டுபிடித்து, கல்லூரிக்கே ஆள் அனுப்பி அவர் அருகில் உட்கார்ந்து பதிவேற்ற உதவினார்கள். அந்த இளைஞருக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

எட்டு இடங்களுக்கு விண்ணப்பித்தோம். இரண்டு இடங்களில் காணொளி நேர்காணல் நடந்தது, ஓரிடத்தில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. இரண்டு நேர்காணல்களிலும் அந்த ஓரக் குழிகளைப் பற்றிக் கேட்டார்கள்.

எல்லாம் முடிந்தபிறகுதான் ஒன்று தெரியவந்தது. சான்றிதழ், படிவம், காலக்கெடு ஆகிய வேலைகளை மட்டும் 15,000 ரூபாய்க்குச் செய்துதரும் ஏற்பாடு அவர்களிடமே இருக்கிறது. விளம்பரத் தாளில் அது இல்லை. வாய்விட்டுக் கேட்டால்தான் சொல்கிறார்கள். போகிறவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள்.