கம்ப்யூட்டரை வேகமாக்குகிறேன் என்று 3,000 ரூபாய் பிடுங்கிக்கொண்டார்கள், ஜாக்கிரதை

வயிறு எரிகிறது. கோர்வையாக வரவில்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். சற்று முன்புதான் என் புகாரை 'தீர்க்கப்பட்டது' என்று போட்டு மூடியிருக்கிறார்கள். எதுவும் தீரவில்லை. 3,000 போனதுதான் மிச்சம்.

விஷயம் இதுதான். என் டெஸ்க்டாப் ஆன் செய்தால் திரை வந்துவிடும், ஆனால் மவுஸ் சொன்னபடி கேட்க வெகுநேரம் ஆகும். ஸ்டார்ட்அப்பில் கண்டதும் ஏறி உட்கார்ந்திருக்கிறது, தேவையில்லாத சர்வீஸ்களை, அதாவது பின்னணியில் ஓடும் விண்டோஸ் புரோகிராம்களை, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று பலரும் சொன்னார்கள். டெக்னீஷியன்களைப் பிடித்துத் தரும் ஆப் ஒன்றில் இதற்கென்றே தனி சேவை போட்டிருந்தார்கள். பெயர் வேண்டாம், அந்த ரகத்தில் ஏகப்பட்டவை இருக்கின்றன. 3,000 முன்பணம், வேலை ரிமோட்டில், அதாவது வீட்டுக்கு வராமல் இணையம் வழியாகவே.

இணைப்பில் வந்தவர் பேசிய விதம் இருக்கிறதே, யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். சர்வீசஸ் பட்டியலைத் திறந்தார். 'ஃபேக்ஸ்' என்ற வரியில் மவுஸை நிறுத்தி, "சார், நீங்க ஃபேக்ஸ் அனுப்புவீங்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்போ இது எதுக்கு சார் இங்கே?" அடுத்து எக்ஸ்பாக்ஸ். "கேம் ஆடுவீங்களா?" இல்லை. இப்படி ஒவ்வொன்றாக நிதானமாகக் கேட்டு, என் சம்மதத்தை வாங்கி, 'டிசேபிள்ட்' என்று மாற்றினார். அப்புறம், "மீதியை நான் பார்த்துக்கிறேன் சார்" என்று கறுப்பு விண்டோ ஒன்றைத் திறந்து ஏதோ ஒரு ஃபைலை ஓடவிட்டார். வரிகள் சரசரவென்று ஓடின. அதில் என்னவெல்லாம் போனது என்பதற்கு எந்தப் பட்டியலும் தரவில்லை.

அந்த ஃபேக்ஸும் எக்ஸ்பாக்ஸும் சாதாரணமாக 'மேனுவல்' நிலையில் இருப்பவை. யாராவது கூப்பிட்டால்தான் எழும். அவற்றை முடக்குவதால் வேகத்தில் ஒரு வித்தியாசமும் வராது. நம்பிக்கையைச் சம்பாதிப்பதற்காக மட்டும் அந்தக் கேள்விகள்.

முடித்ததும் நேரம் அளந்து காட்டினார். இதுதான் பெரிய ஏமாற்று. வேலைக்கு முன்னால் அளந்தபோது ரீஸ்டார்ட் செய்யச் சொன்னார். முடிந்த பிறகு, "இப்போ ஷட்டவுன் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க சார்" என்றார். சட்டென்று வந்தது. விண்டோஸ் 8-லிருந்தே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி இருக்கிறது. ஷட்டவுன் செய்யும்போது விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலின் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு, ஆன் செய்யும்போது அதையே திரும்ப ஏற்றும். ரீஸ்டார்ட்டில் அது கிடையாது, முழு பூட் நடக்கும், எல்லாம் முதலிலிருந்து ஏறும். அவர் எதையும் தொடாமலே இருந்திருந்தாலும் இரண்டாவது அளவு குறைவாகத்தான் வந்திருக்கும்! அந்த வித்தியாசத்தைக் காட்டி, வேலை முடிந்ததற்கான ஓடிபியை வாங்கி, "அஞ்சு ஸ்டார் போட்டுடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் பிரிண்டர் படுத்தது. போய்ப் பார்த்தால், பிரிண்டருக்கு வேலைகளை வரிசையாக அனுப்பும் பிரிண்ட் ஸ்பூலர் என்ற சர்வீஸ் 'டிசேபிள்ட்'. அதை 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றி ஸ்டார்ட் கொடுத்ததும் பிரிண்ட் வந்துவிட்டது. சரி, இவ்வளவுதானே என்று பார்த்தால், விண்டோஸ் அப்டேட் ஓட மறுத்தது. அப்டேட்களைப் பின்னணியில் இறக்கித் தரும் பிட்ஸ் என்ற சர்வீஸ் பட்டியலிலேயே இல்லை. கட்டளை டைப் செய்யும் கமாண்ட் பிராம்ப்ட்டில் கேட்டால் 1060 என்ற பிழை வருகிறது. முடக்கி வைத்த சர்வீஸை ஸ்டார்ட் செய்தால் வருவது 1058. இந்த 1060 என்றால் அப்படியொரு சர்வீஸே கணினியில் இல்லை என்று பொருள். ஆள் டிலீட் செய்திருக்கிறார். முடக்கினால் இரண்டு கிளிக்கில் திரும்பக் கொண்டுவரலாம், டிலீட் செய்தால், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இருந்த பதிவே போய்விடும். ரீஸ்டோர் பாயின்ட்டுக்கு, அதாவது முன்பு சேமித்து வைத்த நிலைக்குப் போகலாம் என்றால், இடத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று அவற்றைச் சேமித்து வைக்கும் சிஸ்டம் புரொடெக்ஷனையும் அணைத்திருக்கிறார். அதை அணைத்தால் பழைய ரீஸ்டோர் பாயின்ட் எல்லாம் அழிந்துபோகும்.

கொதிப்பு எங்கே ஏறியது தெரியுமா? அதே பட்டியலில் அவர் இன்ஸ்டால் செய்த ரிமோட் மென்பொருள் 'ஆட்டோமேட்டிக்' என்று ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கிறது. நான் அனுமதி தராமலே உள்ளே வர பாஸ்வேர்டும் போட்டு வைத்திருக்கிறார். தேவையில்லாத சர்வீஸை எடுக்கத்தானே 3,000 கொடுத்தேன்?

கஸ்டமர் கேரில் முதலில், "பிரிண்டர் கம்பெனியைக் கேளுங்க" என்றார்கள். அப்டேட் பற்றிச் சொன்னதும், "ஓடிபி கொடுத்துட்டீங்க, ரேட்டிங்கும் போட்டுட்டீங்க, அப்போ வேலை திருப்தியா முடிஞ்சதாத்தான் சார் சிஸ்டம்ல இருக்கு" என்று பதில். பிறகு டெக்னீஷியனே பேசினார்: "அப்டேட் வந்தாத்தான் சார் ஸ்லோ ஆகும், உங்க நல்லதுக்குத்தான் எடுத்தேன்." பாதுகாப்புத் திருத்தங்கள் அத்தனையும் வருவது அந்த வழியாகத்தான், அதை அடைத்துவிட்டு நல்லதாம்! விடாமல் கேட்டதற்கு மேலாளர் என்று ஒருவர் வந்து, ஓஎஸ், அதாவது விண்டோஸையே, புதிதாகப் போட வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் என்றார். 3,000 வாங்கிக் கெடுத்தவர்களே சரி செய்ய இன்னும் கேட்கிறார்கள். ரீஃபண்ட் என்ற வார்த்தையை எடுத்தாலே லைன் கட்டாகிறது.

என்னென்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது இருக்கிற மனநிலையில் முடியவில்லை. அவசரமாகச் சிலது மட்டும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ஸ்டார்ட்அப் பகுதியில் வேண்டாததை டிசேபிள் செய்யுங்கள், பாதி சுமை அங்கேதான் இருக்கும், காசு எதுவும் வேண்டாம். சர்வீஸில் கை வைப்பதென்றால் முதலில் ரீஸ்டோர் பாயின்ட் போடுங்கள். பிறகு விண்டோஸிலேயே இருக்கும் எம்எஸ்கான்ஃபிக் (msconfig) கருவியில் சர்வீசஸ் பகுதிக்குப் போய், மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களை மறைக்கும் கட்டத்தை டிக் செய்துவிட்டு, மிஞ்சுவதை மட்டும் பாருங்கள். எதையும் டிலீட் செய்ய விடாதீர்கள். ஃபைல் ஓடவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். நேரம் அளந்தால் இரண்டு முறையும் ரீஸ்டார்ட்தான். பிரிண்ட், சவுண்ட், அப்டேட் மூன்றும் ஓடுகிறதா என்று பார்க்காமல் ஓடிபி சொல்லாதீர்கள்.

ஏற்கெனவே இப்படி யாரையாவது உள்ளே விட்டிருந்தால், இதைப் படித்த கையோடு அந்த ரிமோட் மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளையும் மாற்றுங்கள், அதே கம்ப்யூட்டரில் வேண்டாம், போனில் இருந்து.