கும்கி கேட்கிறதா? சின்ன ஸ்பீக்கர்களோடு ஆறு வருடம்

அப்பா சின்ன வயதில் மிருதங்கம் கற்றுக்கொண்டவர். வேலைக்குப் போனதும் வாசிப்பு நின்றுவிட்டது, காது மட்டும் அப்படியே இருக்கிறது. எங்கள் வீட்டில் முதலில் இருந்தது ஒரே அட்டைப்பெட்டியில் வரும் 5.1 செட். உள்ளங்கை அளவு ஐந்து ஸ்பீக்கர், கூடவே கீழ் ஒலிக்கென்றே பெரிய சப்வூஃபர். சினிமா பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாள் மார்கழிக் கச்சேரிப் பதிவு ஒன்றைப் போட்டேன். தனி ஆவர்த்தனம், அதாவது தாள வாத்தியம் மட்டும் தனியாக ஒலிக்கும் பகுதி, பாதி கூடப் போகவில்லை, அப்பா கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"தொப்பியில எப்படி அடிச்சாலும் ஒரே சத்தம்தாம்ப்பா வருது. கும்கியே காணோம்."

மிருதங்கத்தின் இடது பக்கம்தான் தொப்பி. அதன் நடுவில் ரவையைக் குழைத்து அப்புவார்கள். அடித்த கையின் அடிப்பகுதியால் தோலை அழுத்தி நகர்த்தும்போது, ஒலி கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போகும். அதுதான் கும்கி. நேரில் கேட்டால் வயிற்றுக்குள் ஏதோ புரள்வது போல இருக்கும். எங்கள் வீட்டுச் செட்டில் அந்த வழுக்கல் இல்லை. தொம், தொம், தொம் என்று எல்லா அடியும் ஒரே சுருதியில் விழுந்தது.

காரணத்தைப் பிற்பாடுதான் புரிந்துகொண்டேன். மூன்று அங்குல ஸ்பீக்கரால் 150, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே தெம்பாக ஒலிக்க முடியாது. அதனால் அதற்குக் கீழே உள்ள அத்தனையையும் சப்வூஃபர் தலையில் கட்டிவிடுகிறார்கள். மலிவான சப்வூஃபர் பெட்டியோ ஏதாவது ஓர் அதிர்வெண்ணில் அதிகமாக ரீங்கரிக்கும், எந்த ஸ்வரத்தைக் கொடுத்தாலும் தன் ஸ்வரத்தையே திருப்பிக் கொடுக்கும். ஆண் குரலின் அடித்தளமும் ஏறக்குறைய 85-லிருந்து 180 ஹெர்ட்ஸுக்குள்தான் இருக்கிறது. ஆகவே திரையில் பேசுகிறவரின் குரலில் பாதி டிவி பக்கமிருந்தும் மீதி சோபாவுக்குப் பக்கத்து மூலையிலிருந்தும் வந்துகொண்டிருந்தது.

2019 தொடக்கத்தில் புதுசு வாங்கக் கிளம்பினேன். எங்கள் வீடு சென்னை திருவான்மியூரில் மூன்றாவது மாடி, ஹால் 10 அடிக்கு 14 அடி. ஆளுயர டவர் ஸ்பீக்கருக்கு இடம் கிடையாது. ஷோரூம்களில் எங்கே போனாலும் கார் வெடிக்கும் காட்சியைப் போட்டுக் காட்டினார்கள். சத்தம் கூட இருக்கிற பெட்டி எப்போதும் நல்ல பெட்டி போலவே கேட்கும் என்பதால், மூன்றாவது கடைக்குப் போகும்போது சொந்தப் பதிவுகளைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போனேன். மூன்றுதான். ஒன்று, அந்தத் தனி ஆவர்த்தனம். இரண்டு, நாகஸ்வரம். காது மிகவும் கூர்மையாக உணரும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் நாகஸ்வரத்துக்கு பலம் அதிகம், ஸ்பீக்கர் அங்கே தடுமாறினால் அரை நிமிடத்தில் காது வலிக்கும். மூன்றாவது, அப்பா பேசியதை நானே போனில் எடுத்த பதிவு. தினமும் கேட்கிற குரல் ஒன்றைப் பெட்டி எப்படிச் சொல்கிறது என்று பார்ப்பதற்கு இணையான சோதனை எனக்கு இதுவரை தெரியாது. ஒரு பெட்டியில் அப்பாவுக்கு ஜலதோஷம் பிடித்திருந்தது. இன்னொன்றில் குடத்துக்குள் இருந்து பேசினார்.

கடைசியில் வாங்கியது கெஃப் கியூ150 ஜோடி. ஒரு பெட்டி ஓரடி உயரம், ஐந்தரை கிலோவுக்குச் சற்று மேல். ஐந்தே கால் அங்குல அலுமினியக் கோனின் நட்டநடுவில், மேல் ஒலிக்கான ஓர் அங்குல ட்வீட்டர் உட்கார்ந்திருக்கும். இந்த அமைப்புக்கு யூனி-கியூ என்று பெயர், 1988-லிருந்து செய்கிறார்கள். கம்பெனி 1961-ல் இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டனில் ரேமண்ட் குக் தொடங்கியது. பிபிசி தன் ஒளிபரப்பு வேன்களுக்குள் வைத்துக் கேட்பதற்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற ஐந்து லிட்டர் பெட்டியில் இருந்ததும் இவர்களுடைய டிரைவர்கள்தான், அதாவது ஒலி எழுப்பும் பாகங்கள். இன்றைக்கும் சின்ன ஸ்பீக்கர் என்று பேச்செடுத்தால் அந்தப் பெட்டியில் வந்து நிற்காமல் இருப்பது கஷ்டம். பேச்சுக் குரல் சரியாகக் கேட்க வேண்டும் என்பதையே முதல் கணக்காக வைத்துச் செய்தார்கள், அதனால் அதன் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

ட்வீட்டர் நடுவில் இருப்பதால் என்ன லாபம்? எங்கள் ஹாலில் ஸ்பீக்கரிலிருந்து சோபாவுக்கு எட்டடி கூட இல்லை. அவ்வளவு கிட்டே உட்காரும்போது, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக டிரைவர் வைத்த சில பெட்டிகளில் குரலின் 'ச' ஓரிடத்திலும் மீதி வேறிடத்திலுமாகப் பிரிந்து கேட்கும். இதில் எல்லாம் ஒரே புள்ளியிலிருந்து வருகிறது. ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாலும் குரலின் தன்மை பெரிதாக மாறுவதில்லை.

ஆனால் முதல் மாதம் எனக்குத் திருப்தியே இல்லை. டிவி ஸ்டாண்டின் மேல், சுவரை ஒட்டி வைத்திருந்தேன். பெட்டியின் பின்பக்கம் போர்ட் என்கிற காற்றுத் துளை இருக்கிறது, சுவரோடு ஒட்டியதும் கீழ் ஒலி ஊதிப் பெருத்துவிட்டது. தரை முழுக்க விட்ரிஃபைட் டைல்ஸ், சுவரில் ஒன்றும் கிடையாது. நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டினால் ட்ர்ர்ர் என்று எதிரொலி வரும். அந்த அறையில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கின ஸ்பீக்கரும் அப்படித்தான் கேட்டிருக்கும்.

அடுத்த ஆறு மாதம் ஸ்பீக்கரை மாற்றாமல் அறையைச் சரிசெய்தேன். தெருமுனை வெல்டிங் கடையில் 28 அங்குல இரும்பு ஸ்டாண்டு இரண்டு அடிக்கச் சொல்லி, குழாய்க்குள் மணலை நிரப்பினேன். ட்வீட்டர் காது மட்டத்துக்கு வந்தது. சுவரிலிருந்து ஒன்றேகால் அடி முன்னால் தள்ளினேன். இரண்டுக்கும் நடுவே ஆறரை அடி, சோபாவைப் பார்த்துக் கொஞ்சம் திருப்பி வைத்தது. தரையில் கனமான பவானி ஜமக்காளத்தை இரண்டாக மடித்துப் போட்டேன். எதிர்ச் சுவரில் புத்தக அலமாரி வந்தது. ஜன்னலுக்குத் தடித்த திரை. கை தட்டினால் இப்போது தட்டின சத்தம் மட்டும் கேட்கும்.

சோபாவை நகர்த்தியதுதான் எல்லாவற்றிலும் பெரிய மாற்றம். பத்தடி என்பது மூன்று மீட்டருக்குச் சற்று மேல். அந்தத் தூரத்தில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 56 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒலி குவிந்து நிற்கும், சுவரோரம்தான் அதற்கு உச்சம். நாங்கள் தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு அந்த உச்சத்திலேயே உட்கார்ந்திருந்தோம். சோபாவை ஒன்றரை அடி முன்னால் இழுத்ததும் தொப்பியின் வீக்கம் அடங்கியது. அன்றைக்குச் சாயங்காலம் அப்பாவைக் கூப்பிட்டு அதே தனி ஆவர்த்தனத்தைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஓரிடத்தில் அவருடைய இடது கை தொடையை அழுத்தி முன்னே நகர்ந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வாட்ஸ் பற்றிப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இந்தப் பெட்டியின் திறன் 86 டெசிபல், அதாவது ஒரு வாட் அளவுக்குக் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி அவ்வளவு சத்தம். எங்கள் சோபாவுக்கு வரும்போது அது 78, 79 ஆகும். வீட்டில் கேட்பதற்கு அதுவே போதும். ஆனால் மிருதங்கத்தின் ஒரு பலத்த அடி சராசரியைவிட 15, 20 டெசிபல் எகிறும். ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் பத்து மடங்கு வாட் வேண்டும் என்பதால், ஒரு வாட் ஓடுகிற இடத்தில் ஒரு கணத்துக்கு நூறு தேவைப்படலாம். ஆம்ப்ளிஃபயரின் பலம் அந்த ஒரு கணத்துக்காகத்தான். சேனலுக்கு உண்மையாக 60, 70 வாட் தருகிற ரிசீவர் (ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் பெட்டி) எங்களுக்கு ஆறு வருடமாகப் போதுமானதாக இருக்கிறது.

சரி, நம்மைச் சுற்றி ஒலிக்கிற சரவுண்டுக்கு வருகிறேன். முதல் இரண்டு வருடம் வெறும் ஸ்டீரியோதான். 2021-ல் இன்னொரு ஜோடி வாங்கிப் பக்கவாட்டில், உட்காரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் வைத்தேன். முன்னால் நேர்க்கோட்டைப் பூஜ்யம் என்று வைத்தால் 110 டிகிரி, காதுக்கு மேலே இரண்டடி. முதுகுக்குப் பின்னால் வைக்கிறவர்கள் நிறைய. 5.1-க்குப் பக்கவாட்டுதான் சரியான இடம், மழை பெய்யும் காட்சியில் நாம் மழைக்குள் இருக்க வேண்டும், மழை முதுகில் மட்டும் பெய்யக் கூடாது.

சென்டர் என்கிற நடு ஸ்பீக்கர் இல்லாமல் ஒரு வருடம் ஓட்டினேன். நடு இடத்தில் உட்கார்ந்தால் வசனம் திரையிலிருந்தே வரும். அப்பாவின் நாற்காலி இடது ஓரம், அவருக்கு எல்லோரும் இடது ஸ்பீக்கருக்குள்ளிருந்தே பேசினார்கள். அவருக்காகத்தான் அதே வரிசையில் சென்டர் வாங்கினேன். தனியாகக் கேட்கிறவருக்கு இரண்டு நல்ல ஸ்பீக்கர் போதும், குடும்பமாக உட்கார்ந்து பார்ப்பதானால் சென்டருக்குக் கஞ்சத்தனம் வேண்டாம். கிராஸ்ஓவர், அதாவது கீழ் ஒலியைச் சப்வூஃபரிடம் ஒப்படைக்கிற எல்லை, எல்லாவற்றுக்கும் 80 ஹெர்ட்ஸ். கியூ150-ன் கணக்கு 51 ஹெர்ட்ஸ் வரை என்பதால் அந்த இடத்தில் அது திணறாமல் ஒப்படைக்கிறது, ஆண் குரல் முழுக்க முன் ஸ்பீக்கரிலேயே தங்குகிறது.

பராமரிப்பில் எங்களுக்குப் பிரச்சனை கடல் காற்றுதான். இரண்டாவது மழைக்காலத்தில் இடது பக்கம் மட்டும் விட்டுவிட்டுக் கரகரத்தது. ரிச்சி தெருவில் வாங்கிய 14 கேஜ் வயரின் முனையைப் பிரித்தால், செம்பு இழைகள் பச்சை பூத்து, கசக்கினால் பொடி உதிர்கிறது. இப்போது வருடத்துக்கு ஒரு தடவை அரை அங்குலம் வெட்டி, புதுச் செம்பு பளிச்சென்று தெரிகிற வரை சீவி, மறுபடி முறுக்கிப் போடுகிறேன். கோனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் இன்னும் மிருதுவாகவே இருக்கிறது. முன்பு வைத்திருந்த ஒரு பெட்டியில் அந்த இடத்தில் ஃபோம் இருந்தது, நாலே வருடத்தில் முறுக்கு போல நொறுங்கிவிட்டது. கடலோர ஊர்களில் ஃபோம் வேண்டாம் என்பது என் கருத்து.

அப்புறம் பல்லி. ஒரு கோடையில் வலது பெட்டியில் தம்புரா போட்டால் மட்டும் மெல்லிய உரசல். டார்ச் அடித்துப் பார்த்தால் போர்ட்டின் உள்சுவரில் இரண்டு வெள்ளை முட்டை ஓடுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, ஒன்று பாதி பிய்ந்து காற்றுக்கு ஆடுகிறது. ஐஸ் குச்சியால் சுரண்டி எடுத்தேன். நீண்ட நாள் ஊருக்குப் போகும்போது போர்ட்டில் பருத்தித் துணியைச் சுருட்டி வைத்துவிடுவேன், வந்ததும் மறக்காமல் எடுக்க வேண்டும், அடைத்தே கேட்டால் கீழ் ஒலி இளைத்துவிடும்.

போன வருடம் மின்னழுத்தம் ஏறி இறங்கியதில் சப்வூஃபரின் பவர் போர்டு போய்விட்டது. சர்வீஸ் ஆட்கள் இரண்டு வாரம் என்றார்கள், இரண்டரை மாதம் ஆனது. அந்த நாட்களில் ரிசீவரில் முன் ஸ்பீக்கரை முழு வீச்சுக்கு மாற்றிவிட்டு வெறும் ஜோடியோடு கேட்டோம். ஒரு கட்டைச் சுருதியில் மீட்டும் தம்புராவின் மந்தர ஷட்ஜம், அதாவது கீழ் ஸ, 65 ஹெர்ட்ஸ். அது வந்தது. கொஞ்சம் மெலிந்த மாதிரி, ஆனால் சுருதி துல்லியமாக வந்தது. சினிமாவில் மட்டும்தான் தரை அதிர்வது குறைந்தது, என் பெண் அதைச் சொல்லிக்காட்டினாள்.

சப்வூஃபர் திரும்பி வந்ததும் ஸ்டெபிலைசரோடு இணைத்து, அடியில் தடித்த ரப்பர் மேட் போட்டு, பழைய அளவிலேயே ஓட விட்டேன். ஐந்து நிமிடம் கழித்து அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். தானே போய்ப் பின்பக்கத் திருகைத் தடவிக் கண்டுபிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். தொப்பி மறுபடி வழுக்கத் தொடங்கிய இடத்தில் நிறுத்தினார். பேனாவால் அங்கே ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.