அளவீட்டு நிச்சயமின்மை: கோவையில் நடந்த இரண்டு நாள் பயிற்சி வகுப்பு பற்றிய மதிப்பீடு

அளவுக் கருவிகளுக்கு அளவுத்திருத்தம் (காலிபரேஷன்) செய்யும் ஆய்வகங்களில் வேலை செய்பவர்களுக்காகக் கோவையில் ஒரு தனியார் பயிற்சி நிறுவனம் அளவீட்டு நிச்சயமின்மை (அளந்த மதிப்பு உண்மையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கக்கூடும் என்ற ஐயத்தின் அளவு) பற்றி நடத்தும் இரண்டு நாள் வகுப்புக்கு எங்கள் ஆய்வகத்தின் சார்பில் சென்றிருந்தேன். ஆய்வகங்களின் திறனுக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 17025:2017 பன்னாட்டுத் தரநிலையின் 7.6ஆம் பிரிவு, அளவுத்திருத்தம் செய்யும் ஒவ்வோர் ஆய்வகமும் தன் அளவீடுகளின் நிச்சயமின்மையை மதிப்பிட்டாக வேண்டும் என்று சொல்வதால், என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான இந்திய தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற அல்லது பெற விரும்பும் ஆய்வகங்கள் இத்தகைய வகுப்புகளுக்கு ஆள் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. வந்தவர்களில் பலருடைய நோக்கம், என்ஏபிஎல்லின் அடுத்த மதிப்பீட்டில் ஆட்சேபணை வராத ஒரு பட்ஜெட் தாளை, அதாவது நிச்சயமின்மையின் காரணங்களையும் அளவுகளையும் பட்டியலிடும் தாளைத் தயாரித்துக்கொள்வதுதான். இந்த வகுப்பின் சிறந்த பகுதி அந்த நோக்கத்தைத் தாண்டிச் செல்கிறது. பலவீனமான பகுதி அதற்கே பணிந்துவிடுகிறது.

முதல் நாள் காலை, பயிற்றுநர் படக்காட்சியைத் திறக்கவே இல்லை. 0–25 மில்லிமீட்டர் டிஜிட்டல் மைக்ரோமீட்டர் ஒன்றையும் நீளம் துல்லியமாகத் தெரிந்த எஃகுத் துண்டான 25 மில்லிமீட்டர் ஸ்லிப் கேஜ் ஒன்றையும் மேசையில் வைத்து, பத்து முறை அளந்து எழுதச் சொன்னார். பிறகு அந்த ஸ்லிப் கேஜை ஒருவர் உள்ளங்கையில் சிறிது நேரம் பொத்தி வைத்திருந்து மீண்டும் அளந்தபோது கடைசி இலக்கம் ஒன்று கூடியிருந்தது. எஃகின் விரிவுக் கெழு டிகிரிக்கு மீட்டருக்கு 11.5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்பதால், 25 மில்லிமீட்டர் துண்டு நான்கு டிகிரி சூடானாலே 1.15 மைக்ரான் நீளும் என்பதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினார். நீள அளவீடுகளுக்கு 20 டிகிரி செல்சியஸ் ஏன் மேற்கோள் வெப்பநிலை என்பதும், கையுறையும் காத்திருப்பு நேரமும் ஏன் நடைமுறைக் குறிப்பில் இடம்பெறுகின்றன என்பதும் அதற்குமேல் யாருக்கும் விளக்கத் தேவைப்படவில்லை.

அதன் பின்னரே பட்ஜெட் வந்தது. பத்து அளவீடுகளின் திட்ட விலக்கம் (சிதறலின் அளவு) 0.5 மைக்ரான் என்றால், சராசரியின் நிச்சயமின்மை 0.16 மைக்ரான்; இது புள்ளியியல் வழியில் கிடைப்பதால் ஏ வகை. சான்றிதழ், கருவி விவரம் போன்ற பிற வழிகளில் கிடைக்கும் மற்றவை பி வகை. மைக்ரோமீட்டரின் பகுதிறன் (அது காட்டக்கூடிய மிகச்சிறிய அளவு) 1 மைக்ரான் என்பதால் அதன் பாதியை 3-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.29; ஸ்லிப் கேஜின் சான்றிதழில் கே = 2 (ஏறத்தாழ 95 சதவீத நம்பகத்துக்காகப் பெருக்கும் காரணி) என்று கொண்டு கொடுத்திருந்த 0.10 மைக்ரானைப் பாதியாக்கினால் 0.05, கருவிக்கும் கேஜுக்கும் இடையே ஒரு டிகிரி வரை வெப்பநிலை வேறுபாடு இருக்கலாம் என்று கொண்டால் 0.17, விரிவுக் கெழுக்களின் வேறுபாட்டுக்கு 0.03. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0.37, இரண்டால் பெருக்கினால் 0.75 மைக்ரான்.

கணக்கு இத்துடன் முடிந்திருந்தால் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதற்கு மேல் இந்த வகுப்பில் ஒன்றுமில்லை என்றுதான் எழுதியிருப்பேன். ஆனால் பயிற்றுநர், ஸ்லிப் கேஜின் நிச்சயமின்மையை முற்றிலும் சுழியாக்கிவிட்டு மறுபடி கணக்கிடச் சொன்னார். விடை 0.74. விலை உயர்ந்த கேஜ் பெட்டி வாங்க வேண்டும் என்று மேலாளரிடம் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கும் எவரும் அந்த எண்ணைப் பார்க்க வேண்டும். கூட்டுத்தொகையில் ஏறத்தாழ அறுபது சதவீதம் வாடிக்கையாளரின் கருவியினுடைய பகுதிறனிலிருந்தே வருகிறது. அதை ஆய்வகம் எதுவும் செய்ய முடியாது. நம் கையில் இருப்பவை வெப்பநிலையும் அளவீடுகளின் எண்ணிக்கையும்தான். பட்ஜெட் என்பது எங்கே செலவிட வேண்டும், எங்கே செலவிட்டுப் பயனில்லை என்று காட்டும் தாள் என்பதை இதைவிடத் தெளிவாக நான் வேறெங்கும் கேட்டதில்லை.

அழுத்தமானி பற்றிய அமர்வும் குறிப்பிடத்தக்கது. தெரிந்த எடைகளைக் கொண்டு அழுத்தத்தை உண்டாக்கும் டெட் வெயிட் டெஸ்டரின் எடைகள், திட்ட ஈர்ப்பு முடுக்கமான 9.80665-க்கு ஏற்ப அமைக்கப்பட்டிருந்தால், 9.78-க்கு அருகில் இருக்கும் நம் ஊர் மதிப்பைக் கொண்டு திருத்த வேண்டும், வேறுபாடு 0.25 சதவீதத்துக்கும் மேல். இது தெரிந்த பிழை, ஆகவே திருத்தப்பட வேண்டியது. திருத்திய பிறகு அந்தத் திருத்தத்தில் எஞ்சும் ஐயம் மட்டுமே பட்ஜெட்டுக்குள் வரும். திருத்தத்தைச் செய்யாமல் அதையும் ஒரு நிச்சயமின்மைக் கூறாகச் சேர்த்துவிடும் வழக்கம் ஆய்வகங்களில் உண்டு என்று அவர் சொன்னபோது, வகுப்பில் சிலர் தங்கள் தாள்களைப் புரட்டிப் பார்த்தார்கள்.

இரண்டாம் நாள் பிற்பகல் அந்த உயரத்தில் இல்லை. எல்லோருக்கும் ஓர் எக்செல் கோப்பு வழங்கப்பட்டது. சூத்திரங்கள் உள்ள கட்டங்கள் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருந்தன. கே மதிப்பு 2 என்று நிலையாகப் பதிக்கப்பட்டிருந்தது. மேற்சொன்ன மைக்ரோமீட்டர் கணக்கில் பயனுறு டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (மதிப்பீட்டுக்குப் பின்னால் எவ்வளவு தரவு இருக்கிறது என்பதன் அளவு) 280-க்கு அருகில் வருவதால் 2 சரியே. ஆனால் மூன்றே அளவீடுகள் எடுத்து, அவற்றின் சிதறலே பட்ஜெட்டில் ஓங்கி நிற்கும் வேலையில், 95.45 சதவீத நம்பகத்துக்கு அந்தக் காரணி 4.53 வரை போகும். அந்த டிகிரி ஆஃப் ஃப்ரீடத்தைக் கணக்கிடும் வெல்ச்–சாட்டர்த்வெயிட் சூத்திரத்தைக் காலையில் கற்பித்துவிட்டு, அதைப் பயன்படுத்த வழியில்லாத கோப்பை மாலையில் கொடுப்பது முரண். பூட்டை எடுத்துத் தரும்படி கேட்டேன். நிறுவனத்தின் கொள்கை அனுமதிக்கவில்லை என்ற பதில் வந்தது. தன் மென்பொருள் கணக்கீட்டைத் தானே சரிபார்த்துக் காட்ட வேண்டிய ஓர் ஆய்வகத்துக்கு, உள்ளே என்ன நடக்கிறதென்று பார்க்க முடியாத கோப்பு எதற்கு?

நிச்சயமின்மையைக் கருதிக் கருவி தேறியதா என்று தீர்மானிக்கும் முடிவு விதிக்கு ஒதுக்கப்பட்ட நேரமும் போதவில்லை. 17025 தரநிலையின் 2017 பதிப்பில் இது முக்கியமான சேர்க்கை. ஏற்கத்தக்க எல்லை ±4 மைக்ரான், கண்ட பிழை 3.5, நிச்சயமின்மை 0.75 என்றால், கண்ட பிழையை மட்டும் எல்லையோடு ஒப்பிடும் எளிய ஏற்பு விதிப்படி கருவி தேறிவிடும். நிச்சயமின்மை அளவுக்குக் காப்புப் பட்டை விட்டால் எல்லை 3.25 ஆகச் சுருங்கி, அதே கருவி தேறாது. வாடிக்கையாளர் தொலைபேசியில் சண்டையிடுவது இந்த இடத்தில்தான். எந்த விதி என்பதை வேலையை ஏற்கும்போதே அவரோடு பேசி முடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு ஓர் ஒப்பந்த மாதிரியையாவது காட்டியிருக்கலாம். முடிவு விதிகளுக்கான வழிகாட்டியான ஐலாக் ஜி8 ஆவணத்தின் முகப்புப் பக்கத்தை மட்டும் காட்டிவிட்டுக் கடந்துவிட்டார்கள். சீரற்ற எண்களைக் கொண்டு கணினியில் நிச்சயமின்மையைக் கணிக்கும் மான்டி கார்லோ முறையைத் தொடாமல் விட்டதைக் குறையாக நினைக்கவில்லை. நேர்கோட்டு மாதிரிகளோடு வேலை செய்யும் பெரும்பாலான ஆய்வகங்களுக்கு அது அன்றாடத் தேவையல்ல.

அச்சிட்ட கையேடு பெரும்பாலும் நிச்சயமின்மை மதிப்பீட்டின் அடிப்படை வழிகாட்டியான ஜேசிஜிஎம் 100:2008-இன் பகுதிகளைச் சுருக்கியது. அந்த மூல ஆவணத்தைப் பன்னாட்டு எடை மற்றும் அளவைகள் நிறுவனம் இலவசமாகவே தருகிறது. ஆகவே கையேட்டுக்காக யாரும் இந்தக் கட்டணத்தைச் செலுத்த வேண்டியதில்லை. விளக்கங்கள் தமிழில் நடந்ததும் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் கிடைத்ததும் டிப்ளமோ முடித்து வேலைக்கு வந்திருக்கும் இளைஞர்களுக்குப் பெரிய உதவி.

நீளம், அழுத்தம் ஆகிய பிரிவுகளில் இருப்பவர்களைத் தயங்காமல் அனுப்பலாம். போகும்போது சொந்த ஆய்வகத்தின் ஒரு சான்றிதழையும் அதன் மூல அளவீடுகளையும் எடுத்துச் செல்லட்டும், பயிற்றுநர் இடைவேளையில் பார்த்துச் சொல்கிறார். வெப்பநிலைப் பிரிவினர் மட்டும், உலையின் சீர்மையையும் நிலைத்தன்மையையும் பற்றிய அமர்வு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. நான் சென்ற வகுப்பில் அது பாடத்திட்டத்தில் அச்சிடப்பட்டிருந்தும் நடத்தப்படவில்லை.