எட்டோடு எட்டா, எட்டோடு பதினாறா, இரண்டும் புதுசா? டெஸ்க்டாப் ராம் கூட்டும்போது எது ஒத்துப்போகும்

ஐ5-10400 பிராசசர், எச்410 சிப்செட் போர்டு, அதில் ஒற்றை 8 ஜிபி டிடிஆர்4-2666 ராம். இந்தச் சேர்க்கையில் ஓடுகிற டெஸ்க்டாப்பில் பிரவுசரில் இருபது டேப், கூடவே ஒரு பெரிய எக்செல் ஃபைல் திறந்தாலே 8 ஜிபி நிரம்பிவிடும். போர்டில் இரண்டே ஸ்லாட், ஒன்று காலி. மேலே போக மூன்று வழி உண்டு: இருப்பதைப் போலவே இன்னொரு 8 போடலாம், காலி ஸ்லாட்டில் 16 போட்டு 24 ஆக்கலாம், பழையதைக் கழற்றிவிட்டு 16 ஜிபி ஸ்டிக் இரண்டை ஜோடியாக வாங்கலாம். மூன்றுமே ஓடும். எதில் எங்கே சிக்கல் வரும் என்பதுதான் மாறுகிறது.

கடைக்குப் போகுமுன் பழைய ஸ்டிக்கைக் கழற்றி அதன் லேபிளைப் படியுங்கள். '8ஜிபி 1ஆர்×8 பிசி4-2666வி-யூ' என்பதுபோல் இருக்கும். '1ஆர்' என்றால் ஒரு ரேங்க், அதாவது சேர்ந்து ஒரே அணியாக இயங்கும் சிப் தொகுதி ஒன்று. '×8' என்பது ஒவ்வொரு சிப்பின் அகலம், அதாவது ஒரே நேரத்தில் அது தரும் பிட் எண்ணிக்கை. கடைசியில் வரும் ஓர் எழுத்துதான் எல்லாவற்றிலும் முக்கியம்: 'யூ' இருந்தால் சாதாரண டெஸ்க்டாப் ராம், 'ஆர்' இருந்தால் சர்வர் ராம், 'எஸ்' இருந்தால் லேப்டாப் ராம். டிடிஆர்4 சர்வர் ஸ்டிக்கின் வெட்டும் டெஸ்க்டாப் ஸ்டிக்கின் வெட்டும் ஒரே இடத்தில்தான் இருக்கும், அதனால் ஸ்லாட்டில் அழகாக உட்கார்ந்துவிடும். ஆனால் டிஸ்ப்ளே வராது. பாதி விலைக்கு 16 ஜிபி கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் முதலில் இந்த எழுத்தைப் பாருங்கள். லேபிளில் 2666-க்குப் பதிலாக 21300 என்று இருந்தால் குழம்ப வேண்டாம், எட்டால் வகுத்தால் ஏறக்குறைய 2666 வந்துவிடும். 25600 என்றால் 3200.

முதல் வழி: எட்டோடு எட்டு

குறைந்த செலவில் அதிகப் பலன் தருவது இதுதான். ஒரே ஸ்டிக்கில் ஓடும்போது நினைவகத்துக்கும் பிராசசருக்கும் இடையே நொடிக்கு 21.3 ஜிபி வரைதான் போய்வர முடியும். இரண்டாவது ஸ்டிக் வந்ததும் டூயல் சேனல், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு பாதை, திறந்து அது 42.6 ஜிபி ஆகிறது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் இந்த மாற்றம் நன்றாகவே தெரியும், ஏனென்றால் உள்ளமை கிராபிக்ஸும் இதே ராமில்தான் பங்கு கேட்கிறது.

அதே பிராண்டுதான் வேண்டும் என்று அலைய வேண்டியதில்லை. ஒரே பிராண்டு, ஒரே மாடல் என்று வாங்கினாலும் இரண்டு வருட இடைவெளியில் உள்ளே இருக்கும் சிப் மாறியிருக்கலாம். பார்க்க வேண்டியவை மூன்று: டிடிஆர்4, 1.2 வோல்ட், 2666 அல்லது அதற்கு மேற்பட்ட ஜெடெக் (ராமுக்கான பொதுத் தரநிலை) வேகம். முடிந்தால் பழையதும் புதியதும் ×8 ஆக இருக்கட்டும். பக்கத்துக்கு நான்கே சிப் கொண்ட ×16 ஸ்டிக்கும் ஓடும். ஆனால் அதில் பேங்க் குரூப் (சிப்புக்குள் மாறி மாறி வேலை செய்யும் பகுதிகள்) பாதிதான், எனவே வேகம் சற்றுக் குறையும்.

பணத்தை வீணாக்கும் பொறி ஒன்று இங்கே இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஹீட்சிங்க் மாட்டி, பெட்டியில் பெரிதாக 3200 என்று அச்சிட்டிருக்கும் கேமிங் ஸ்டிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 3200 எக்ஸ்எம்பி என்ற தனி புரொஃபைலில், அதுவும் பயாஸில் (மெஷின் எழும்போது திறக்கும் அமைப்பு மெனு) அதை நாமே இயக்கினால், 1.35 வோல்ட்டில் கிடைக்கிற வேகம். எக்ஸ்எம்பி இல்லாமல் அதன் அடிப்படை வேகம் பெரும்பாலும் 2133 அல்லது 2400, சிலவற்றில்தான் 2666. எச்410, எச்310, பி460 சிப்செட்கள் பிராசசரின் அதிகாரப்பூர்வ வேகத்தைத் தாண்ட விடாது. ஐ5-10400-க்கு அது 2666. பெரிய பிராண்டுகளின் ரெடிமேட் ஆபீஸ் பிசிகள் பலவற்றில் எக்ஸ்எம்பி மெனுவே இருக்காது. அங்கே இந்த ஸ்டிக்கைப் போட்டால் அது 2133-க்கு இறங்கிவிடும், இரண்டு ஸ்டிக்கும் ஒரே வேகத்தில்தான் ஓட வேண்டும் என்பதால் நன்றாக 2666-ல் ஓடிக்கொண்டிருந்த பழையதையும் கூடவே இழுத்துவிடும். அதிகப் பணம் கொடுத்து மெஷினை மெதுவாக்கிய கதையாகிவிடும். இப்படிப்பட்ட போர்டுக்கு ஹீட்சிங்க் இல்லாத, பச்சைப் பலகையாக வரும் சாதாரண ஜெடெக் 2666 ஸ்டிக்தான் சரி. ஜெடெக் 3200 என்றாலும் பரவாயில்லை, அது தானாக 2666-க்கு இறங்கிக்கொள்ளும். உறுதிசெய்ய சிபியு-இசட் மென்பொருளில், ஸ்டிக்கில் பதிந்திருக்கும் விவரங்களைக் காட்டும் எஸ்பிடி பக்கத்தைத் திறங்கள். ஜெடெக் என்று தலைப்பிட்ட கட்டங்களில் இருக்கும் பெரிய எண்தான் உங்கள் போர்டில் கிடைக்கப்போகும் வேகம். அங்கே 1333 என்று காட்டினால் பயப்படாதீர்கள், அதன் இரட்டிப்புதான் 2666.

இரண்டாவது வழி: எட்டோடு பதினாறு

'அளவு வேறு வேறாக இருந்தால் ஓடாது' என்று கடைகளில் இன்னமும் சொல்கிறார்கள். அது தவறு. இன்டெல் போர்டுகளில் ஃப்ளெக்ஸ் மோடு இருக்கிறது: 8-க்கு ஈடாக 16-இல் இருந்து 8 எடுத்து முதல் 16 ஜிபியை டூயல் சேனலாக ஓட்டும்; மிஞ்சிய 8 ஜிபி மட்டும் சிங்கிள் சேனல். நினைவகம் போதாமல் டிஸ்கைத் துழாவும் மெஷினோடு ஒப்பிட்டால் அந்த 8 ஜிபியின் வேகக் குறைவு ஒரு பொருட்டே இல்லை.

விர்ச்சுவல் மெஷின், போட்டோ எடிட்டிங் என்று 16 ஜிபியைத் தாண்டுகிறவர்கள் இரண்டே ஸ்லாட் உள்ள போர்டில் இந்த வழியில் போவதே என் கட்சி. பின்னாளில் பழைய 8-ஐக் கழற்றி இன்னொரு 16 போட்டால் 32 ஆகிவிடும், இடையில் வாங்கிய எதுவும் வீணாகாது. எட்டோடு எட்டு போட்டவருக்கு அந்த வசதி இல்லை, அடுத்த முறை இரண்டில் ஒன்றையாவது எடுத்தே ஆக வேண்டும்.

மூன்றாவது வழி: ஜோடியாகப் புதுசு

கிட் என்று ஒரே பெட்டியில் வரும் இரண்டு ஸ்டிக்கும் எக்ஸ்எம்பி வேகத்தில் சேர்ந்து ஓடுமா என்று சோதித்து அனுப்பப்படுபவை. கொடுக்கிற கூடுதல் பணம் அந்தச் சோதனைக்குத்தான். எச்410 போர்டில் எக்ஸ்எம்பி வேகமே கிடைக்காது என்பதால் இதற்கு அர்த்தம் இல்லை. பி560, பி660 போர்டுகளிலும் ரைசன் பிராசசர்களிலும் கதை தலைகீழ். ரைசனில் 3200 அல்லது 3600 நிலையாக ஓட வேண்டுமென்றால் பழையதோடு எதையும் கலக்காமல் கிட்டாகவே போங்கள். நான்கு ஸ்லாட் இருக்கிறதென்று அதே மாடல் கிட் இரண்டு வாங்கினால் அது நான்கு ஸ்டிக் கிட் ஆகாது. நான்கும் சேர்ந்து சோதிக்கப்பட்டவை அல்ல. ரைசன் 3000 வரிசையில் சிங்கிள் ரேங்க் ஸ்டிக் இரண்டு போட்டால் 3200. டூயல் ரேங்க் ஸ்டிக் நான்கு போட்டால் ஏஎம்டி உத்தரவாதம் தருவது 2667 மட்டுமே. டிடிஆர்5-க்கு வந்த ரைசன் 7000-இல் இறக்கம் இன்னும் செங்குத்து: இரண்டு ஸ்டிக் 5200, நான்கு ஸ்டிக் 3600. அங்கே இரண்டு பெரிய ஸ்டிக்தான் வேண்டும்.

போட்டாச்சு, டிஸ்ப்ளே வரவில்லை

பவர் கார்டைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை இறக்குங்கள். பிறகு ஸ்டிக்கைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பல போர்டுகளில் கிளிப் ஒரு முனையில்தான் இருக்கும், கிளிப் இல்லாத முனை பாதி ஏறி நிற்பதே பெரும்பாலான 'ராம் ஒத்துவரவில்லை' புகார்களுக்குக் காரணம். தங்க நிறப் பட்டை ஸ்லாட்டுக்கு மேலே ஒரு முனையில் அதிகமாகவும் மறுமுனையில் குறைவாகவும் தெரிந்தால் சரியாக உட்காரவில்லை. இரு முனையிலும் கட்டைவிரலை வைத்து, கிளிப் 'க்ளிக்' என்று தானாக மூடும்வரை சமமாக அழுத்துங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் ஒவ்வொன்றாகத் தனியே சோதியுங்கள். புதியது மட்டும் முதல் ஸ்லாட்டில், பிறகு இரண்டாவதில், பழையதும் அப்படியே. புதியது இரண்டிலும் எழாமல், பழையது இரண்டிலும் எழுந்தால் ஸ்டிக் பழுது அல்லது தவறான வகை. எந்த ஸ்டிக் போட்டாலும் ஒரு குறிப்பிட்ட ஸ்லாட் மட்டும் எழவில்லையா? ராமைக் குறை சொல்லாதீர்கள். ஸ்லாட்டில் தூசு இருக்கலாம், பிராசசர் சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருக்கலாம், கூலர் ஒரு மூலையில் மட்டும் அதிகமாக இறுக்கப்பட்டிருக்கலாம். கூலர் ஸ்குருவைத் தளர்த்தி மூலைக்கு மூலை மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கினாலே காணாமல் போன சேனல் திரும்பி வருவதுண்டு. நான்கு சோதனையிலும் எழுந்து, சேர்த்துப் போட்டால் மட்டும் எழவில்லை என்றால்தான் அது உண்மையான ஒவ்வாமை. சிஆர்2032 பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வைத்து பயாஸ் அமைப்பை அழியுங்கள், பயாஸை அப்டேட் செய்யுங்கள், அதற்கும் மேல் என்றால் பயாஸில் வேகத்தை 2400 என்று கையால் இறக்குங்கள்.

நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ஸ்டிக் மட்டும் போடுவதானால் பிராசசரில் இருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுவதே வழக்கம்; போர்டு மேனுவலில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். டிடிஆர்5 மெஷின் புது ராமோடு முதல் தடவை எழும்போது பயிற்சி ஓட்டம் ஒன்று நடக்கும், சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். அந்த நேரத்தில் பதறி ஆஃப் செய்யாதீர்கள்.

எழுகிறது, ஆனால் பாதி ராம்தான் தெரிகிறது என்றால் முதலில் பயாஸில் பாருங்கள். அங்கே முழுசாகத் தெரிந்தால் குறை விண்டோஸில்: 32 பிட் பதிப்பு 4 ஜிபிக்கு மேல் பார்க்காது. விண்டோஸின் அமைப்புக் கருவியான எம்எஸ்கான்ஃபிக்கில் பூட் பக்கத்து அட்வான்ஸ்டு ஆப்ஷனில் 'மேக்சிமம் மெமரி' டிக் ஆகியிருந்தாலும் இப்படி நடக்கும், அதை எடுத்துவிடுங்கள்.

பழைய மெஷின்களுக்கு

டிடிஆர்3 காலத்துப் போர்டுகள் சிப்பின் அடர்த்தியில், அதாவது ஒரு சிப்பின் கொள்ளளவில், கறார். ஜி41 போர்டில் 4 ஜிபி ஸ்டிக் வேண்டுமென்றால் இருபக்கமும் சேர்த்து 16 சிப் உள்ளது வேண்டும். 8 சிப் உள்ளது ஓடாது. எச்61, எச்81 போர்டுகளில் ஸ்லாட்டுக்கு 8 ஜிபிதான் எல்லை. 'ஏஎம்டிக்கு மட்டும்' என்று விற்கிற மலிவு டிடிஆர்3 ஸ்டிக்குகள் இன்டெல் போர்டில் எழாது. நான்காம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப்பில் 1.35 வோல்ட் டிடிஆர்3எல் ஸ்டிக்கையும் தாராளமாகப் போடலாம். ஆறாம் தலைமுறை டிடிஆர்3எல் போர்டில் 1.5 வோல்ட் ஸ்டிக்கைப் போடாதீர்கள்.

எந்த வழியில் போனாலும், கடைக்காரர் மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் ராமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86-ஐப் பென்டிரைவில் ஏற்றி இரவு முழுக்க ஓடவிட்டு நான்கு பாஸ் (முழுச் சுற்று) முடியுங்கள். திரையில் ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்த ஸ்டிக்கைத் தனியாகப் போட்டு மறுபடி ஓட்டுங்கள். எக்ஸ்எம்பி அணைந்திருக்கும்போதும் பிழை வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.