ஏழு ஆண்டுகளாகச் சீரியல் போர்ட்டைக் காக்கும் சிறு பெட்டி

கோவையில் எங்கள் பட்டறையில் இருக்கும் பழைய சி.என்.சி. இயந்திரத்துக்கு (புரோகிராம்படி தானே உலோகம் வெட்டுவது) புரோகிராம் அனுப்ப இன்றும், கணினியின் சீரியல் போர்ட்டில் செருகும் ஆர்எஸ்-232 கேபிள்தான் வழி. அதன் நினைவகம் மிகச் சிறியது. அச்சு (மோல்டு) வெட்டும் வேலை வந்தால், கணினி மணிக்கணக்கில் வரிவரியாக ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 2018ல் மட்டும் மூன்று கணினிகளின் சீரியல் போர்ட் போய்விட்டது. மூன்றாவது மதர்போர்டைக் கழற்றிப் பார்த்தபோது, சீரியல் போர்ட்டை இயக்கும் ஜிடி75232 ஐ.சி.யின் நடுவில் கடுகளவு கொப்புளம் தெரிந்தது.

அன்றுதான், கேபிளைச் செருகாமல், கணினியின் உடலுக்கும் இயந்திரத்தின் உடலுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தேன். 96 வோல்ட் ஏ.சி. காட்டியது. கணினி அறை பிளக்கில் எர்த் கம்பி அறுந்திருந்தது. கணினியின் பவர் சப்ளையில் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உடலுக்கு இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் போகின்றன. எர்த் இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி உடலில் ஏறி நிற்கும். கேபிளைச் செருகும் நொடியில் கிரவுண்டான 5ஆம் பின்னுக்கு முன்பே, தகவல் போகும் 2ஆவதோ 3ஆவதோ தொட்டுவிட்டால், அவ்வளவும் ஐ.சி.க்குள் பாய்கிறது.

எர்த்தை உடனே சரிசெய்தேன். ஆனாலும் மழைக்கால இடியும், இயந்திர மோட்டாரை ஓட்டும் சர்வோ டிரைவ் கிளப்பும் மின் இரைச்சலும் மிச்சம் இருந்தன. இரு பக்கத்தையும் செம்பால் இணைக்காமல் ஒளியால் மட்டும் இணைக்கலாம் என்று முடிவு செய்தேன்.

முதலில் போட்டது பிசி817 என்ற ஆப்டோகப்ளர்; உள்ளே ஓர் எல்.ஈ.டி., எதிரே அதன் ஒளியை உணரும் டிரான்சிஸ்டர். விலை மலிவு, ஆனால் மெதுவானது. வினாடிக்கு 9600 பிட் வேகத்தில் ஒரு பிட்டுக்கு 104 மைக்ரோ வினாடிதான். வெளியீட்டில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்திருந்தேன். அணைய வேண்டிய நேரத்தில் அது அணையவில்லை, எழுத்துகள் சிதைந்தன. ஈவன் பாரிட்டி (பிழையைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு எழுத்தோடும் போகும் கூடுதல் பிட்) இருந்ததால் இயந்திரம் அலாரம் கொடுத்து நின்றது; இல்லையென்றால் தொலைந்துபோன ஒரு தசமப் புள்ளியே கட்டரை உடைத்திருக்கும். 1 கிலோ ஓமுக்கு மாற்றியதும் சரியானது. இருந்தாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை, வேகமான 6என்137 ஆப்டோகப்ளருக்கு மாறினேன்.

இரு பக்கமும் ஒவ்வொரு மேக்ஸ்232 (ஆர்எஸ்-232 சிக்னலை 5 வோல்ட் சிக்னலாகவும், திரும்பவும் மாற்றும் ஐ.சி.), நடுவில் போக ஒன்று, வர ஒன்று என இரண்டு 6என்137. மேக்ஸ்232இன் வெளியீட்டுக்கு எல்.ஈ.டி.யை நேரடியாக ஓட்டும் வலு கிடையாது, ஒரு பி.என்.பி. டிரான்சிஸ்டர் தேவை. லைன் சும்மா இருக்கும்போது எல்.ஈ.டி. அணைந்திருக்கும்படி அமைத்தேன். எல்.ஈ.டி. எரிய எரிய ஒளி குன்றும் என்பதால் இது ஆயுளைக் கூட்டும். ஒவ்வொரு 6என்137இன் 8, 5ஆம் கால்களை ஒட்டி 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் கட்டாயம். கணினிப் பக்கத்துக்கு யு.எஸ்.பி.யிலிருந்து 5 வோல்ட். இயந்திரப் பக்கத்துக்கு அதன் பேனலிலேயே செருகிய 9 வோல்ட் டிரான்ஸ்பார்மர் அடாப்டரும், அதை 5 வோல்ட்டாகக் குறைக்கும் 7805 ரெகுலேட்டரும்.

இவ்வளவும் செய்துவிட்டு ஒரு தவறு செய்தேன். இரண்டு ஒன்பது பின் கனெக்டரையும் ஒரே அலுமினியப் பெட்டியில் திருகினேன். கேபிளின் ஷீல்டு வலை கனெக்டரின் உலோக உறையைத் தொடுகிறது, உறை பெட்டியைத் தொடுகிறது. பெட்டி வழியாகவே இரு எர்த்தும் சேர்ந்துவிட்டன! மல்டிமீட்டர் 'பீப்' அடித்தபோதுதான் புரிந்தது. அடுத்த நாளே பிளாஸ்டிக் பெட்டி வாங்கினேன். ஷீல்டை இயந்திரப் பக்கம் மட்டும் எர்த்தில் சேர்த்தேன். போர்டில் ஆப்டோகப்ளர்களுக்கு அடியில் செம்பைச் சுரண்டி எடுத்து, ரம்பத்தால் ஒரு பிளவும் போட்டேன். செய்து பார்ப்பவர்கள் கரண்ட் கொடுப்பதற்கு முன், இரு பக்கத்து 5ஆம் பின்களுக்கும் இடையே, பிறகு இரு உறைகளுக்கும் இடையே ஓம் அளந்து பாருங்கள். மீட்டர் எந்த இணைப்பையும் காட்டக் கூடாது.

அன்றிலிருந்து ஏழு ஆண்டுகள். ஒரு போர்ட்கூடப் போகவில்லை. அடாப்டரில் உப்பிய கெப்பாசிட்டர் ஒன்றைத்தான் மாற்றியிருக்கிறேன். குறை என்றால், இதில் 'அனுப்பலாமா, நிறுத்தலாமா' என்று சொல்லும் ஆர்டிஎஸ், சிடிஎஸ் கம்பிகள் இல்லை. எங்கள் இயந்திரம், 'நிறுத்து', 'தொடர்' என்பதைத் தகவல் கம்பியிலேயே சொல்லும் எக்ஸ்ஆன்-எக்ஸ்ஆஃப் முறையில் நின்று வாங்குவதால் சமாளிக்கிறோம். அந்தக் கம்பிகள் தேவைப்படுபவர்கள் இன்னும் இரண்டு ஆப்டோகப்ளர் சேர்க்க வேண்டும். நேரடி இடியை இது தாங்காது. ஐப்பசி, கார்த்திகையில் வானம் இருட்டினால் இன்றும் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புகிறேன்.