இடுப்பில் கட்டும் நடை மோட்டார்: நாள்பட்ட பயன்பாட்டில் தெரிவது

இடுப்பு எக்ஸோஸ்கெலிட்டன் (பெல்ட்டாகக் கட்டிக்கொண்டால் மோட்டார் மூலம் தொடையைத் தள்ளி நடைக்கு உதவும் கருவி) வாங்குபவர்கள் பெரும்பாலும் வேகத்தை நம்பித்தான் வாங்குகிறார்கள். சமதரையில் அது பெரிதாகக் கிடைக்காது. நடக்கும்போது உடலை முன்னே உந்துவதில் பெரும்பங்கு கெண்டைத் தசைக்கும் கணுக்காலுக்கும். இடுப்பு மோட்டார் தொடையைத் தூக்கிவிடும், ஊன்றும்போது பின்னுக்கு அழுத்தும், அவ்வளவே. ஆனால் ஏற்றத்தில் கதையே வேறு. மற்றவர்கள் மூச்சு வாங்கி நிற்கும் இடத்தில் நாம் கீழே தொடங்கிய அதே வேகத்தில் ஏறிக்கொண்டிருப்போம். சீனாவின் தைஷான் மலையில் ஆறாயிரத்துக்கு மேல் படிகள். 2025 தொடக்கத்தில் அங்கே இதை வாடகைக்கு விட்டது சரியான இடம் பார்த்துச் செய்த வேலை.

பெட்டியில் போட்டிருக்கும் வாட் கணக்கைப் பார்த்து மயங்க வேண்டாம். ஹைப்பர்ஷெல் எக்ஸ் ப்ரோ என்ற மாடலுக்கு 800 வாட், எடை சுமார் 2 கிலோ என்கிறார்கள். அந்த 800 நொடிப்பொழுது உச்சம். 70 வாட்-மணி அளவுள்ள பேட்டரியில் அதைத் தொடர்ந்து இழுத்தால் ஐந்தாறு நிமிடத்தில் காலியாகிவிடும். 17.5 கிலோமீட்டர் ஓடும் என்பதும் மிதமான உதவியில்தான். செங்குத்தான ஏற்றத்தில் அதிக உதவி வைத்தால் பாதியை எட்டுவதே கஷ்டம். உபரி பேட்டரி ஒன்று பையில் இருக்கட்டும்.

பல புகார்களுக்குக் காரணம் மாட்டும் விதம். இடுப்பின் பக்கவாட்டில் கட்டைவிரலை வைத்துக் காலை முன்னும் பின்னும் ஆட்டினால் ஓர் எலும்பு முட்டு உருள்வது தெரியும். மோட்டாரின் மையம் அதற்கு நேராக வர வேண்டும். இரண்டு சென்டிமீட்டர் மேலே போனாலும் ஒவ்வொரு அடிக்கும் பெல்ட் மேலேறும், தொடைப் பட்டை கீழே வழியும். ஆட்கள் உடனே பட்டையை இறுக்குவார்கள், தொடை மரத்துப்போகும். இறுக்காதீர்கள், பெல்ட்டை இறக்குங்கள். அது வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். தொடைப் பட்டை முழங்காலுக்கு நாலு விரல் மேலே, உள்ளே இரண்டு விரல் நுழையும் தளர்வோடு இருந்தால் போதும்.

முதல் சில நாட்கள் குறைந்த உதவியிலேயே நடங்கள். சென்சார் அடுத்த அடியை ஊகித்துத்தான் தள்ளுகிறது. சட்டென நின்றால் காலை இன்னொரு அரை அடி இழுத்துவிடும். சாலையைக் கடக்கும் முன்பும் கூட்டத்தில் நுழையும் முன்பும் உதவியை நிறுத்திவிடுவது நல்லது. இறக்கத்தில் முட்டியைக் காப்பாற்றும் என்றும் நம்ப வேண்டாம். அங்கே உடல் எடையைத் தாங்குவது தொடையின் முன்தசைதான். ஊன்றுகோல் எடுத்துச் செல்லுங்கள்.

மாதங்கள் போனால் முதலில் கெடுவது மோட்டார் அல்ல, துணிப் பகுதி. வியர்வை உப்பு படிந்து பட்டை விறைத்துப்போகும், வெல்க்ரோவில் நூல் சேர்ந்து பிடிப்பு விட்டுப்போகும். பட்டையைக் கழற்றி வெந்நீர் படாமல் அலசி நிழலில் காயவைக்கலாம். வெல்க்ரோவைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் சரியாகும். நடக்கையில் ஒரு பக்கம் மட்டும் 'டிக் டிக்' என்று கேட்டால் அந்தப் பக்கம் மோட்டாரிலிருந்து தொடைப் பட்டைக்கு இறங்கும் தண்டின் திருகு தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நாட்கணக்கில் பயன்படுத்தாமல் வைப்பதானால் பேட்டரியைப் பாதி சார்ஜில் வைக்கவும், வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட வேண்டாம்.

இடுப்பு மூட்டு மாற்றியவர்களும் நடையில் தள்ளாட்டம் உள்ளவர்களும் பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்காமல் மாட்டக்கூடாது. மற்றவர்கள் வாங்கும் முன் முடிந்தால் வாடகைக்கு எடுத்து ஒரு மணி நேரமாவது படி ஏறிப் பாருங்கள். கடைக்குள் பத்தடி நடந்தால் ஒன்றும் தெரியாது.